கடனுக்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள்

டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாளன்று எங்கள் காரைக்கால் தருமபுரத்தில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு தெருத் தெருவாக வந்து போனார்கள். மறுவாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு துண்டறிக்கை வந்து விழுந்தது. எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர், ஊரில் நாலு பேர் யோசனை கேட்கப் போகிற மனிதர். பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குச் சண்டை அவர் எழுதியதோடுதான்.

படைவீரர் குடும்பங்களுக்கு வீட்டுவரியில் சலுகை கேட்டும், அவர்களுடைய பென்ஷன் காகிதங்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்க மாதம் ஒரு நாள் விவரம் தெரிந்த ஒருவரை ஊரிலேயே உட்காரவைக்கச் சொல்லியும் நாங்கள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதற்கு மறுப்பாகத்தான் துண்டறிக்கை. அதன் வாதம் இதுதான்: பட்டாளம் மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை. போனவர்கள் விரும்பிப் போனவர்கள். சம்பளம் வாங்கினார்கள், கேண்டீனில் சாமான் வாங்கினார்கள், இப்போது பென்ஷன் வாங்குகிறார்கள். அந்தப் பென்ஷன் நாட்டின் முதுகை ஒடிக்கிறது. கடலில் சாகிற மீனவனுக்கும் சாக்கடைக் குழியில் சாகிற தொழிலாளிக்கும் இல்லாத தர்மம் இவர்களுக்கு எதற்கு? கடைசியாக, படைவீரனுக்குக் கொடுக்கும் ஆதரவு போருக்குக் கொடுக்கும் ஆதரவு.

இதில் ஒன்றைத் தவிர மற்றவை விவரம் தெரியாமல் எழுதியவை. அந்த ஒன்று மீனவரையும் துப்புரவுத் தொழிலாளரையும் பற்றியது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை அவர் எடுத்தாண்ட விதம் மற்றவற்றைவிட மோசமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ‘ஒரு வேலை’ என்ற பேச்சு. அய்யா, நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஊழியராக இருந்தீர்கள். சங்கத்தில் உறுப்பினராக இருந்தீர்கள், வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டீர்கள், அதைப் பெருமையாகச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கெல்லாம் கொடுத்த அடிப்படை உரிமைகளைப் படையினருக்கு மட்டும் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அதைக் கொண்டு 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டம் சிப்பாய் சங்கம் சேர்வதையும், அரசியல் கூட்டத்துக்குப் போவதையும், பத்திரிகைக்கு எழுதுவதையும் கட்டுப்படுத்துகிறது. விடுப்பு முடிந்து திரும்பாவிட்டால் சிறை. மேலதிகாரியின் உத்தரவை மீறினால் 14 ஆண்டு வரை சிறை. எதிரிக்கு முன்னால் காவல் நிலையை விட்டு ஓடினால் மரண தண்டனைகூட விதிக்கலாம். உங்கள் அலுவலகத்தில் எந்த மேசையை விட்டு எழுந்து போனதற்காக ஒருவரை இப்படித் தண்டிக்க முடியும்? இந்த வேலை பிடிக்கவில்லை, அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக ஒரு சிப்பாயால் முடியாது. ‘போ’ என்றால் போக வேண்டும். போகிற இடத்தில் சாவு இருக்கிறது என்று தெரிந்தும் போக வேண்டும். சட்டம் அவனைக் கட்டிப்போட்டிருப்பது அதற்காகத்தான். இப்படி ஒரு நிபந்தனை வேறு எந்த வேலை உத்தரவிலும் இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லித்தான் உங்கள் வாதம் தொடங்குகிறது.

நம் ஊர்க் கோயிலின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாழ்மூரிநாதர் சந்நிதியில் நீங்கள் பிரதோஷம் தவறாதவர். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் உறவினர்கள், சம்பந்தரின் பாட்டுக்குப் பெருமையே அவர் யாழில் வாசிப்பதால் வந்தது என்று பேசினார்கள். சம்பந்தர் இதே தருமபுரத்தில் யாழில் அடங்காத ஒரு பண்ணைப் பாடினார். யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். யாழில் குற்றமில்லை. எல்லாம் இந்தக் கருவிக்குள் அடங்கும் என்று நினைத்தவர்களிடம்தான் குற்றம். சம்பளம் என்பதும் நல்ல கருவிதான், பெரும்பாலான உழைப்பை அளக்க அது போதும். உயிரைக் கேட்கும்போது தர மறுக்க முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாழ்கிற வாழ்க்கை அதில் அடங்காது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து இது உங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது, விரும்பித்தானே போனார்கள் என்ற வாதம். யார் போகிறார்கள் என்று நீங்கள் கவனித்ததில்லை. கடைமடையில் தண்ணீர் வராத வருஷங்களில், இரண்டு மா நிலத்தை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் பெற்ற வீட்டிலிருந்து ஒருவன் ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடப் போவான். ஊர் விளையாட்டுத் திடலில் விடியற்காலை நாலு மணிக்கு ஓடிப் பழகும் பையன்களில் உங்கள் வீட்டுப் பையனோ என் வீட்டுப் பையனோ இப்போது இல்லை. சரி, விரும்பியே போனான் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விருப்பத்தோடு கடன் கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று எந்த ஊரில் நியாயம்? விரும்பிக் கொடுத்தவனிடம்தான் வாங்கியவன் கூடுதலாகக் கடமைப்பட்டவன்.

அந்த விருப்பத்தின் நிபந்தனைகளையும் ஒரு தரப்பே மாற்றிக்கொண்டிருக்கிறது. 2022 ஜூன் 14ஆம் தேதி அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பையனுக்கு நான்கு வருஷம் வேலை. அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் படையில் தொடர முடியாது. வெளியே வருபவருக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய், அதிலும் பாதி அவருடைய சம்பளத்திலேயே பிடித்த பணம். ஓய்வூதியம் கிடையாது. பணியில் இறந்தால் 48 லட்சம் ரூபாய் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு. ஆனால் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஒரே பனிமலையில், ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டில் இருவர் இறந்தால் ஒருவரின் மனைவிக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன், மற்றவரின் தாய்க்கு ஒரு தொகையோடு சரி. இதை எதிர்த்து உங்கள் துண்டறிக்கையில் ஒரு வரி இருந்திருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பென்ஷன் நாட்டின் முதுகை ஒடிக்கிறது என்கிறீர்கள். கணக்கையே பார்ப்போம். 2025–26க்கான பாதுகாப்பு வரவுசெலவு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது 1.60 லட்சம் கோடி. பெரிய தொகைதான், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்களின் ஓய்வூதியமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. இரண்டாவது, சிப்பாயை நாற்பது வயதை ஒட்டி வீட்டுக்கு அனுப்புவது அரசாங்கமே எடுத்த முடிவு. மலையேறவும் சுமை தூக்கவும் இளைஞர்கள் வேண்டும் என்பதால், பிள்ளைகள் ஏழாவது எட்டாவது படிக்கும்போதே தகப்பனின் உத்தியோகத்தை முடித்துவிடுகிறார்கள். நீங்கள் 60 வயது வரை முழுச் சம்பளம் வாங்கினீர்கள். அவனுக்கு அந்த இருபது வருஷம் கிடையாது. அந்த இருபது வருஷத்துக்கு ஈடாகக் கொடுப்பதுதான் அந்தப் பென்ஷன். படை இளமையாக இருப்பதற்காக நாடு கொடுக்கும் விலை அது. விலையைச் சுமை என்று சொல்லும் உரிமை, பொருளை வாங்கிக்கொண்டவருக்கு இல்லை.

பணமாவது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா? 2013 ஜனவரியில் காஷ்மீரின் எல்லைக்கோட்டருகே ரோந்து போன ஒரு வீரர், கடும் குளிரில் நெஞ்சு அடைத்து இறந்தார். அவருடைய மனைவிக்கு, போர்ப் பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குரிய உயர்ந்த ஓய்வூதியத்தைக் கொடு என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சொன்னது. மத்திய அரசு கொடுக்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள், இந்தப் பெண்ணை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி அரசுக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கணவன் செத்து ஏறத்தாழ 12 வருஷம் கழித்து. சலுகையில் மிதக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது இவர்களைப் பற்றித்தான்.

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணமும் எடுத்திருக்கிறீர்கள். காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷனில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடுகளைப் பாருங்கள், சோம்பேறித்தனம்தான் மிச்சம் என்று. இதை நான் பலமுறை படித்தேன். ‘சொல்தா’ வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு என்று நாம் சின்ன வயதில் கைகாட்டிச் சொன்ன வீடுகளைத்தான் சொல்கிறீர்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் மாறி, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்த இரண்டு நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேர் பிரான்சின் சீருடையில் கப்பலேறினார்கள்! முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியருக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. பிறகு இந்தோசீனப் போர். வியட்நாமின் சேற்றில் காலை இழந்துவிட்டு வந்தவர், காது கேட்காமல் திரும்பியவர் எல்லாம் நம் தெருக்களில் நடமாடினார்கள். அந்த வீடுகளுக்கு வந்த பணம் சும்மா வந்த பணம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த வரலாற்றை முழுக்கப் படித்திருந்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். விடுதலை பெற்ற தன் பழைய காலனிகளின் வீரர்களுக்குக் கொடுத்த ஓய்வூதியத்தைப் பிரான்ஸ் 1959 டிசம்பரில் ஒரு நிதிச் சட்டத்தால் அப்படியே உறைய வைத்தது. விலைவாசி ஏறியது, செனகல்காரனுக்கும் மொராக்கோக்காரனுக்கும் தொகை ஏறவில்லை. பக்கத்தில் நின்று சண்டை போட்ட பிரெஞ்சுக் குடிமகனுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2006இல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ஒரு திரைப்படம் அந்த நாட்டையே உலுக்கிய பிறகுதான் அரசு இறங்கிவந்தது. 2010 மே மாதம் அந்த நாட்டின் அரசமைப்பு மன்றம், இந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் உரிமைக்காரர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். சம்பளம் கொடுத்தாயிற்று, இனி என்ன பாக்கி என்று பிரான்ஸ் அன்று சொன்னதைத்தான் நீங்கள் இன்று தருமபுரத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி, போருக்கு ஆதரவு என்ற குற்றச்சாட்டு. என்னைச் சுட்டது இதுதான். சுட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். 1987 ஜூலை 29ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று நம்பிப் போனார். அக்டோபரில் தமிழர்களோடே சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இவை நடந்தவை. இவற்றுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது இந்தியாவின் மேல் உள்ள கறை. இதைச் சொல்ல நான் என்றும் தயங்கியதில்லை, என் வீட்டுக்குள்ளும் தயங்கியதில்லை. மறுபக்கம் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. அந்தப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25ஆம் தேதி செத்த தமிழர். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவு கிளம்பியது. அவர்களை வரவேற்கப் போகமாட்டேன் என்று அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி சொன்னார். அந்தப் போரைப் பற்றிய அவருடைய மனவலி எனக்குப் புரிகிறது. ஆனால் சித்தப்பா அந்த வருஷம் விடுப்பில் வந்தபோது சீருடையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ராத்திரியில் திண்ணையில் படுத்திருப்பவர் திடீரென்று எழுந்து உட்காருவார். சித்தி விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

அந்தப் போரைத் தொடங்கியது சித்தப்பாவா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவரா? கப்பலில் ஏற மறுத்திருந்தால் ராணுவ நீதிமன்றத்தில் நின்றிருப்பார். போரை முடிவு செய்தவர்கள் அடுத்த தேர்தலுக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள், புத்தகம் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கும் நீங்கள் துண்டறிக்கை அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான்: குற்றம் செய்த வீரனை விசாரித்துத் தண்டியுங்கள், தவறான போருக்கு அனுப்பிய அரசாங்கத்தை ஓட்டுப் பெட்டியில் தண்டியுங்கள், சித்தப்பா போன பிறகு சித்திக்கு வருகிற பென்ஷனில் கை வைக்காதீர்கள். விதவைக்குப் போகிற மாதப் பணம் எந்தப் போருக்கும் நற்சான்றிதழ் ஆகாது. சொல்லப்போனால், போரின் செலவைப் போர் முடிந்து பல வருஷத்துக்குப் பிறகும் மாதாமாதம் கணக்கில் எழுதவைப்பது அது ஒன்றுதான். போரை வெறுப்பவர் முதலில் காப்பாற்ற வேண்டிய செலவு அது.

நடுகல் காலத்திலிருந்தே வீரத்தைப் பாடிப் பாடித்தான் தமிழன் கெட்டான் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். செங்கம், தருமபுரிப் பக்கம் கிடைத்த நடுகற்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்றும் ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் ஒரு நிலக்கொடை வருகிறது. நெய்த்தோர் என்றால் இரத்தம். ஊருக்காகச் செத்தவனின் வீட்டாருக்கு வரியில்லாமல் விட்ட நிலம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் கல்லை நட்டதோடு நிற்கவில்லை, நிலத்தையும் எழுதிவைத்தார்கள். நாங்கள் கேட்ட வீட்டுவரிச் சலுகை அதன் நிழல்தான்.

இப்போது உங்கள் வாதத்தில் உண்மை உள்ள இடத்துக்கு வருகிறேன். மீனவனும் துப்புரவுத் தொழிலாளியும் சாகிறார்களே, அவர்களுக்கு என்ன? நியாயமான கேள்வி. 2025 ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவுக் கடலில் காரைக்கால் படகின் மேல் இலங்கைக் கடற்படை சுட்டு நம் மீனவர்கள் காயம்பட்டார்கள். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் படகு திரும்பும் வரை தூங்காத வீடுகள் இருக்கின்றன. சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதரைக் குழியில் இறக்குவதை முற்றாக ஒழிக்கவும் சொன்னது. இன்னும் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவர்களுக்கு நாம் செய்தது போதாது. அவமானகரமாகப் போதாது.

ஆனால் அய்யா, இவர்களுக்காக நீங்கள் எப்போது துண்டறிக்கை போட்டீர்கள்? சூடுபட்ட மீனவர்களுக்காக ஊர் திரண்டபோது உங்களை அங்கே நான் பார்க்கவில்லை. படைவீரனின் விதவைக்கு ஒன்றும் கொடுக்காதே என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் மீனவனின் விதவை உங்கள் நினைவுக்கு வருகிறாள். ஒரு ஏழையின் தட்டைப் பறிக்க இன்னொரு ஏழையின் வெறுந்தட்டைக் காட்டுகிறீர்கள். இரண்டு தட்டிலும் சோறு விழ வேண்டும் என்று சொல்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதி உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தபோது நாகப்பட்டினத்தில் சேற்றிலிருந்து பிணங்களை எடுத்தவர்களில் ராணுவத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். செத்தவன் மீனவனா யார் என்று கேட்டுவிட்டு அவர்கள் கை வைக்கவில்லை. மீனவனையும் சிப்பாயையும் எதிரெதிரே நிறுத்த நினைப்பது உங்களைப் போல இரண்டு பேரையும் தெரியாதவர்கள்தான். பட்டினச்சேரியில் போய்ச் சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆதரவு என்றால் என்ன என்பதிலும் உங்களுக்குத் தெளிவில்லை. மாலை போடுவதையும் கோஷம் போடுவதையும் நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கோஷத்தில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்த ஆதரவின் தேவை வேறு.

சித்தப்பா 17 வருஷம் முடித்து வந்து, பதினோரு வருஷம் ஏடிஎம் வாசலில் காவல் இருந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். போர்க்களச் சாவு இல்லை. தொலைக்காட்சி வரவில்லை, காசோலை வரவில்லை. படைவீரர்களின் விதவைகளில் பெரும்பாலோர் இப்படித்தான் விதவையானவர்கள். பத்திரிகையில் படம் வருகிற அந்தச் சிலரைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறது என்று எழுதுவது பெரிய அறியாமை. சித்தி குடும்ப ஓய்வூதியத்துக்குப் போனபோது, படையின் பதிவேட்டில் அவர் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தது. கல்யாணமான புதிதில் எங்கோ வடக்கே ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. கல்யாணத்தையும் பிள்ளைகள் பிறந்ததையும் பதியும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று ஒரு காகிதம் உண்டு. அதில் இரண்டாவது மகள் பிறந்தது ஏறவே இல்லை. அந்தக் காகிதம் என்று ஒன்று இருப்பதே சித்திக்குத் தெரியாது. படிவங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஓர் அலுவலகத்தில் இங்கே இல்லை என்றார்கள், அடுத்ததில் அங்கேதான் போக வேண்டும் என்றார்கள். முதல் பென்ஷன் கைக்கு வர பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் தோடு போனது, பிறகு செயின் போனது. மகளின் நர்சிங் படிப்புக்கு என் அப்பா கடன் வாங்கினார். ஒரு நாள் சித்தி என்னிடம் கேட்டார்: “ஏம்பா, நான் அவரு பெண்டாட்டிதான்னு இன்னும் யாருகிட்டப்பா போய்ச் சொல்லணும்?” சம்பளம் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று எழுதிய உங்களுக்கு இதற்கு என்ன பதில்?

இது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. நாம் இருக்கும் இடம் அப்படி. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே சிக்கிய புதுச்சேரித் துண்டு நம் காரைக்கால். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மானியமும் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அறிவித்தது. அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. நம் நிர்வாகத்தின் தலைமையிடமோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. அறுபது வயதுப் பெண் ஒரு கையெழுத்துக்காகச் சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கிறது. பென்ஷனோ இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறைக்குப் போய்விட்டது. அதன் கேந்திரம் பிரயாக்ராஜில். கடவுச்சொல் மறந்தால், கைபேசி எண் மாறினால் உள்ளே நுழைவதே பாடு, வருஷத்துக்கொரு முறை கொடுக்கும் லைஃப் சர்ட்டிபிகேட் பதிவாகாமல் போனால் பணம் நின்றுவிடும். வங்கி வாசலில் நின்று, ஏன் நின்றது என்று தெரியாமல் திரும்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

விதிகளும் அவர்களிடம் இரக்கம் காட்டியதில்லை. வீரதீர விருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்தால், அந்த விருதுக்கான மாதப்படி நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி இருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். சுதந்திரம் வந்து எழுபது வருஷம், ஒரு பெண் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதைப் படிப்பணத்தைக் காட்டி நிர்ணயித்துக்கொண்டிருந்தது நம் அரசாங்கம். இவர்களைத்தான் செல்லப்பிள்ளைகள் என்கிறீர்கள்.

நாங்கள் கேட்டது மாதம் ஒரு நாள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, படிவம் தெரிந்த ஒருவர். அதைத் தடுக்கத் தெருத் தெருவாகக் காகிதம் போட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு இருந்த நீங்கள், ஒரு மனு எந்த இடத்தில் சிக்கும், எந்தக் குறிப்பு எழுதினால் நகரும் என்று இந்த ஊரில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர். அந்த அறிவை இந்தப் பெண்களுக்கு எதிராகச் செலவழித்திருக்கிறீர்கள். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆனாலும் உங்களைக் கேட்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களையும் கேட்கிறேன். கொடிநாள் உண்டியலில் காசு போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒவ்வொரு நவம்பர் மாதமும் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். உங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போய், காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லி, பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா, பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் அப்படி ஆறு வீடுகள் இருக்கின்றன. அய்யா, அதில் மூன்றாவது வீடு உங்கள் வீட்டுக்கு எதிரே.